பெட்டி எங்கே போனது? எல்லையோர விநியோகஸ்தர்களுக்கான பொருள் பாதுகாப்பு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழியில், நாங்கள் ஏஜென்சி எடுத்திருந்த கம்பெனி ஒன்றிலிருந்து நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடில் ஒரு குறிப்பிட்ட பேட்ச்சை (ஒரே தடவையில் தயாரான தொகுதியை) உடனே நிறுத்த வேண்டும். கைப்பிடிக்குள் மின்கசிவு வர வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் எடுத்தது 96. பொள்ளாச்சி குடோனில் மிஞ்சியிருந்தது 22. மீதி 74 ராடுகள் கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், சித்தூர் என்று போய்விட்டிருந்தன. (பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூருக்கு ஒரு முறை எங்கள் பார்சலை அனுப்பி வைத்த புண்ணியவான்களும் உண்டு.)

எந்தக் கடைக்கு எத்தனை ராடு என்பது பில்லில் இருந்தது. எந்தப் பேட்ச் என்பது இல்லை. அந்த மாடலில் மூன்று பேட்ச் கலந்து வந்திருந்தது. பேட்ச் எண்ணோ கைப்பிடி மூடியின் அடியில், செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்குப் பொடியாக அச்சாகியிருந்தது. வேறு வழியில்லாமல் 31 கடைக்கும் ஆள் அனுப்பி அந்த மாடலில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தோம். மூன்று நாள் லைன், அதாவது கடைகளுக்குச் சரக்கு போடும் வண்டிச் சுற்று, நின்றது.

விற்றுப்போனவற்றில் கொஞ்சமாவது திரும்பி வந்ததற்குக் காரணம் எங்கள் திறமை அல்ல. எருத்தேம்பதிக் கடைக்காரர் விரல் விட்டுச் சொன்னார்: "நான்கு விற்றேன். ஒன்று பக்கத்து வீட்டு அத்தை, இரண்டு ரைஸ்மில் வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூட டீச்சர்." கிராமத்துக் கடைக்காரரின் ஞாபகசக்தியை நம்பி நடத்த வேண்டிய தொழில் அல்ல இது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு படித்ததையும் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். சரக்கு எங்கிருந்து வந்தது, எங்கே போனது: எந்தப் படியில் நின்றாலும் இந்த இரண்டு கேள்விக்கும் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நாம் யார் என்று தெரிந்துகொள்வது

"நாங்கள் தயாரிப்பதில்லை, பெட்டியைப் பிரிப்பதுகூட இல்லை, வாங்கிக் கொடுக்கிறோம்" என்பது ஏஜென்சிக்காரர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கிற பேச்சு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. இறக்குமதி செய்பவர், விற்பவர், விநியோகிப்பவர், பொட்டலம் கட்டுபவர், லேபிள் ஒட்டுபவர், பொருத்திக் கொடுப்பவர், பழுது பார்ப்பவர் எல்லோரும் அதில் 'பொருள் விற்பனையாளர்'. அந்தச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் பொருளால் வரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று சொல்கிறது. தயாரிப்பாளருக்கு 84-ஆம் பிரிவு. நமக்கு 86. அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது அச்செடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

எல்லையில் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பழைய சட்டத்தில் வழக்குப் போடுகிறவர் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டும். இப்போது வாங்கியவர் தான் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நம் குடோன் பொள்ளாச்சியில் இருந்தாலும் வடகரப்பதியில் குக்கர் வாங்கியவர் பாலக்காட்டில் வழக்குப் போடுவார். நாம்தான் வண்டி ஏற வேண்டும்.

இரண்டாம் படி: சரக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

புதிய கம்பெனிக்காரர் வந்து மார்ஜின், ஸ்கீம், டிஸ்பிளே பணம் என்று பேசும்போது நம் வாயிலிருந்து வர வேண்டிய முதல் கேள்வி "உங்கள் லைசென்ஸ் நகல் எங்கே?" என்பதுதான். 86-ஆம் பிரிவின் மிகக் கொடிய வரி இங்கே இருக்கிறது. தயாரிப்பாளர் யார் என்று தெரியாவிட்டால், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சார்பு செய்ய முடியாவிட்டால், அவர் மீது உத்தரவை நிறைவேற்ற வழியில்லாவிட்டால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். முகவரி இல்லாத பொருளை எடுத்த அன்றே அதன் தயாரிப்பாளராகவும் நாம் ஆகிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2023-இல் மலப்புறம் மாவட்டத்தில் முகம் வெளுக்கும் கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி வந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை நடத்தியது. தயாரிப்பாளர் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத கிரீம் டப்பாக்கள்தான் அந்தச் சோதனையின் முதல் குறி. அப்படி ஒரு டப்பா நம் வண்டியில் போயிருந்தால், அடுத்து யாரைக் கேட்பார்கள்?

பொருளுக்குப் பொருள் கேட்க வேண்டிய காகிதம் மாறும். மின்சாதனம், பொம்மை, பிரஷர் குக்கர், ஹெல்மெட் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை கட்டாயம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதலும், குக்கருக்கு அடுத்த மாதமும், இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு அதே ஆண்டு ஜூன் 1 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தனியாக இருந்தால் அது வெறும் படம். மேலே ஐ.எஸ். எண் இருக்க வேண்டும். குக்கருக்கு 2347, ஹீட்டர் ராடுக்கு 368, மின்சாரம் இல்லாத பொம்மைக்கு 9873, மின்சாரப் பொம்மைக்கு 15644. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். மொபைல் சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ.க்குப் பதிலாக 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும்.

எண் இருக்கிறது என்று திருப்தியடைந்து விடாதீர்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இறக்கி அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். கம்பெனி பெயர், ஆலை முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், இன்னும் செல்லுமா என்பதெல்லாம் வரும். ஒரு முறை குக்கர் என்று கொண்டுவந்த சரக்கின் எண்ணைத் தட்டினால் அது பி.வி.சி. குழாய்க்கான உரிமமாக இருந்தது. கொண்டுவந்தவர் அசரவில்லை. "அச்சுப் பிழை சார்" என்றார்.

முத்திரை கட்டாயமான பொருளை முத்திரை இல்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, விநியோகிப்பதும், சேமித்து வைப்பதும், விற்பனைக்குக் காட்சி வைப்பதும் 2016-ஆம் ஆண்டு தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை. அந்தச் சட்டம் வைத்த தண்டனை, முதல் முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அடுத்த முறை குறைந்தது 5 லட்சம், சரக்கு மதிப்பின் பத்து மடங்கு வரை போகலாம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. ஆறாயிரம் ரூபாய் பொம்மைக்கு இந்த ஆபத்தா? ஐப்பசி கடைசியில் கல்பாத்தித் தேருக்குக் கடை போடுகிறவர்கள் பில் இல்லாத மூட்டைப் பொம்மை கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. பொத்தான் பேட்டரி கழன்று விழும் விளக்குப் பொம்மையைப் பார்த்த பிறகு கொடுக்க மனம் வரவில்லை. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும் வில்லை அது.

உணவுப் பொருளுக்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண். லேபிளில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் இரண்டுமே வேண்டும். தேங்காய் எண்ணெய் கொண்டுபோகிறவர்கள் இரட்டைக் கவனமாக இருங்கள். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கலப்படத்துக்காக எண்ணெய் பிராண்டுகளைக் கொத்துக் கொத்தாகத் தடை செய்தது. அரசுக் கூட்டுறவின் 'கேரா' போலவே காதில் விழும் பெயர்கள் அந்தப் பட்டியலில் பல.

கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள். தயாரிப்புக் குறையால் வரும் நஷ்டஈட்டையும் வழக்குச் செலவையும் கம்பெனி ஏற்க வேண்டும். கம்பெனி பொருள் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் விநியோகஸ்தரையும் சேர்க்க வேண்டும். பெரிய கம்பெனிகள் மறுப்பதில்லை, கேட்டால். நாம் கேட்பதில்லை.

மூன்றாம் படி: லாரி வாசலுக்கு வந்ததும்

இறக்குகிற அவசரத்தில் பெட்டி எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறோம். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பெட்டியாவது பிரித்துப் பார்க்க வேண்டும். பாக்கெட் பொருள் விதிகள், 2011-இன்படி லேபிளில் தயாரிப்பாளர் அல்லது பேக் செய்தவர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு, வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு என்பது எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத பாக்கெட்டை மொத்த வியாபாரி விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, குடோனில் வைத்திருக்கவும் கூடாது.

நசுங்கிய டின், ஈரம்பட்ட அட்டை, உப்பிய பாக்கெட் ஆகியவற்றை அப்போதே டிரைவரிடம் எழுதி வாங்கி ஒதுக்குங்கள். மறுநாள் எழுதினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. அன்றைய உள்வரவுப் பேரேட்டில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது. இந்தப் பேரேடு இல்லையென்றால் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

நான்காம் படி: குடோன்

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல வரும். தகரக் கூரைக்குக் கீழே மேல் அடுக்கில் சாக்லேட்டும் குழந்தை உணவும் இருந்தால் காலாவதித் தேதிக்கு அர்த்தமே இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மொத்த வியாபாரிக்கும் விநியோகஸ்தருக்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. காலாவதியான பின் கொடுத்தது, தயாரிப்பாளர் சொன்ன பாதுகாப்பு முறைக்கு மாறாகச் சேமித்தது, யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாதது, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கியது ஆகியவை அதில் அடங்கும். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற வரியை நாம் அலங்காரமாகப் பார்க்கிறோம். சட்டம் அதைத் தயாரிப்பாளர் நமக்கு இட்ட கட்டளையாகப் பார்க்கிறது.

கொசுவர்த்தி, எலி மருந்து, பினாயில், கற்பூரம் ஒரு மூலை, தின்னும் பொருள் எதிர் மூலை, நடுவே நடைவழி. ஊதுபத்தி வாசனை ஏறிய பிஸ்கட்டைக் கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரர் ஒருவர் எனக்கே தின்னக் கொடுத்தார். மென்று முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் குடோனை மாற்றி அடுக்கினேன்.

திரும்பி வந்த சரக்குக்குப் பூட்டுப் போட்ட கூண்டு வேண்டும். காலாவதிச் சரக்கு கூண்டுக்கு வெளியே கிடந்தால், ஓணம் நெருக்கடியில் யாராவது ஒரு பையன் அதை வண்டியில் ஏற்றிவிடுவான்.

ஐந்தாம் படி: பொருளின் மீது கை வைக்காமல் இருப்பது

இந்தப் படியில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தயாரிப்பாளர் செய்ததை அப்படியே கைமாற்றுகிறவருக்குச் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. வடிவமைப்பு, சோதனை, தயாரிப்பு, பேக்கிங், லேபிள் இவற்றில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு வைத்திருந்தால் அந்த இரக்கம் போய்விடும். நமக்கென்ன பேக்கிங் என்கிறீர்களா? மார்ச் மாத இலக்கை முடிக்க ஷாம்பு பாட்டிலோடு சோப்பு ஒன்றைச் சேர்த்து, குடோனில் நான்கு பெண்களை உட்கார வைத்து டேப் சுற்றுகிறோமே, அது பேக்கிங். அந்தப் பழுப்பு நிற டேப் நேராகப் போய் எங்கே ஒட்டும் தெரியுமா? காலாவதித் தேதியின் மீது. நான் எடுத்துப் பார்த்த பத்துக் கட்டில் ஏழில் அப்படித்தான் இருந்தது. சுற்றவே வேண்டுமென்றால் கம்பெனியின் எழுத்து அனுமதியோடு, நிறமற்ற டேப்பில், லேபிள் எழுத்து எதுவும் மறையாமல் சுற்றுங்கள்.

விலை ஸ்டிக்கரும் அப்படியே. அச்சிட்ட அதிகபட்ச விலையை அழிப்பதும் மறைப்பதும் மாற்றுவதும் மொத்த வியாபாரிக்கும் சில்லறை வியாபாரிக்கும் தடை. குறைத்து விற்பதென்றால் குறைந்த விலையை ஸ்டிக்கராக ஒட்டலாம். பழைய விலை மறையாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது மாற்றம். மிக்ஸியில் வந்த மூன்று முள் பிளக் கடைக்காரரின் சுவிட்ச் பலகையில் சேரவில்லை என்று, நம் பையன் வெட்டிவிட்டு இரண்டு முள் பிளக் மாட்டிக் கொடுக்கிறான். உதவிதான். எர்த் கம்பி அத்தோடு துண்டிக்கப்பட்டுவிட்டது. நாளை ஈரக்கையோடு ஒரு பெண் அதைத் தொட்டு ஷாக் அடித்தால், பொருளை மாற்றியது நாம், மாற்றமே தீங்குக்குப் பெரிய காரணம். கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும், அதுவும் நியாயமாகவே. வாங்கியவர் பிளக்கை வெட்டியிருந்தால் கதை வேறு. தீங்கு நடந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருந்தால் விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது. நாம் மாற்றாமல் கொடுத்தோம் என்று காட்ட முடிந்தால்தான் அந்தப் பிரிவு நமக்கு உதவும்.

மூன்றாவது, வாய். சேல்ஸ்மேன் கடை வாசலில் நின்று "இது ஐந்து வருஷத்துக்கு அசையாது சேட்டா, ஏதாவது ஆனால் நான் மாற்றித் தருகிறேன்" என்கிறான். கம்பெனி கொடுத்த உத்தரவாதம் ஓராண்டு. மிச்சம் நான்கு ஆண்டு யாருடையது? கம்பெனியைச் சாராமல் நாமே கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் நாமே பொறுப்பு. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் விளம்பரப் படமும் வாயில்தான் சேரும். அச்சிட்ட உத்தரவாத அட்டையில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று எங்கள் பையன்களிடம் மாதம் ஒரு முறை சொல்கிறேன். விற்பனை கொஞ்சம் குறைகிறது என்று அவர்கள் என்னிடம் மாதம் ஒரு முறை சொல்கிறார்கள்.

ஆறாம் படி: எச்சரிக்கையை அது புரியும் மொழியில் கடத்துவது

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் மலையாளம். குக்கர் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டிலோ ஆங்கிலமும் இந்தியும். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே விதி; தமிழும் மலையாளமும் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயமில்லை. கட்டாயமில்லாத இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

பொருளின் ஆபத்தையும் சரியான பயன்பாட்டையும் பற்றித் தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை விற்பனையாளர் கடத்தாமல் விட்டு, அதனால் தீங்கு வந்தால் பொறுப்பு அவருடையது. இது 86-ஆம் பிரிவின் கடைசி வரி. பார்த்துப் பொருத்துவதில், பராமரிப்பதில் போதிய கவனம் காட்டாததும் அதே வரியில் வருகிறது.

நாங்கள் செய்வது எளிமையானது. ஹீட்டர் ராடு, குக்கர், காஸ் அடுப்பு, கொசு விரட்டித் திரவம் இந்த நான்குக்கும் உள்ளங்கை அளவு தாளில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் மலையாளம். கம்பெனியின் கையேட்டில் இருப்பதை மட்டும் எழுதி, கம்பெனிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கி அச்சிட்டோம். சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதுவும் நம் தலைக்கு. ராடு தாளில் ஐந்து வரி: சுவிட்சைப் போடும் முன் ராடு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. எர்த் உள்ள பிளக்கில் மட்டும் சொருக வேண்டும். தாள் பெட்டிக்கு ஒன்றாகப் போகும், எத்தனை தாள் என்பது பில்லின் அடியில் ஏறும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பாட்டி அந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஐந்து வரியில் மூன்றாவது மட்டும் புகையில் கறுத்திருந்தது. மற்றவை நன்றாகத் தெரிந்தன.

ஏழாம் படி: பில்லில் பேட்ச் எண்

ஜி.எஸ்.டி. பில்லுக்கு பேட்ச் எண் கட்டாயமில்லை. சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் அதைக் கேட்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான குடோன்களில் அது ஏறுவதில்லை. பில்லிங் மென்பொருளில் அந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது, திறந்துவிட வேண்டியதுதான். ஒரு வரியில் ஒரு பேட்ச் என்று பில் போடப் பையன்கள் முதல் மாதம் முணுமுணுப்பார்கள்.

உணவுப் பொருளில் பில்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. உணவு விற்கிறவர் வாங்குகிற வியாபாரிக்குத் தரத்தைப் பற்றி எழுத்து உத்தரவாதம் கொடுக்க வேண்டும். தனியாகக் கொடுக்காவிட்டால் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். நாம் கம்பெனியிடம் வாங்கிய பில் நம்மைக் காக்கும். நாம் கடைக்காரருக்குக் கொடுத்த பில் அவரைக் காக்கும். பில் இல்லாமல் 'துண்டுச் சீட்டில்' சரக்கு போட்டால் இரண்டு பக்கமும் அறுந்துவிடும்.

எவ்வளவு நாள் வைத்திருப்பது? ஜி.எஸ்.டி. கணக்கு 72 மாதம். உணவு விநியோகப் பதிவுகள் காலாவதித் தேதி முடிந்து ஓராண்டு. நுகர்வோர் வழக்கின் இரண்டாண்டுக் கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஓடும். விற்ற நாளிலிருந்து அல்ல. மின்சாதனப் பதிவுகளைக் கழிக்கும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: புகார் வந்தால்

கடைக்காரரிடமிருந்து வரும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அந்த அடுப்பில் ஏதோ பிரச்சினை என்கிறார்கள், வேறு அனுப்புங்கள்." மாற்றிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அது வியாபாரம். என்ன பிரச்சினை, யாருக்காவது அடிபட்டதா, எந்தப் பேட்ச், பொருள் இப்போது எங்கே என்ற நான்கையும் கேட்டுத் தேதியோடு எழுதி, அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புவது பொறுப்பு. அடிபட்டிருந்தால் பொருளைக் கழுவவோ பிரிக்கவோ பழைய இரும்புக்காரனிடம் போடவோ விடாதீர்கள். அப்படியே உறையில் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டாவது புகார் வந்த நிமிடம், கம்பெனியின் பதிலுக்குக் காத்திராமல், அந்தப் பேட்ச் விற்பனையை நிறுத்துங்கள். இரண்டு நாள் விற்பனை போனால் பரவாயில்லை.

வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம் என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் கோபம்தான் வளரும்.

ஒன்பதாம் படி: திரும்பப் பெறுதல்

அழைப்பு கம்பெனியிடமிருந்து வரலாம், தர நிர்ணய அமைவனத்திடமிருந்து வரலாம், 2020-இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்தும் வரலாம். ஆபத்தான, பாதுகாப்பற்ற பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. உணவென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2017-ஆம் ஆண்டு விதிமுறை.

குடோனில் இருப்பதை முதலில் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டுங்கள். சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள். பேட்ச் எண்ணைக் கொடுத்து கடைப் பட்டியலை எடுங்கள். கடைக்குப் போன் செய்து சொல்லுங்கள், பிறகு எழுத்திலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன் என்பது சொன்னதாகாது. பாதிப் பேர் அந்தக் குழுவை மௌனத்தில் வைத்திருப்பார்கள். செய்தியில் நான்கே விஷயம் போதும்: பொருளின் பெயர், பேட்ச் எண்ணும் அது இருக்கும் இடமும், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும். காரணத்தை மழுப்பி 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கடைக்காரர் மீதி இருப்பை விற்றுவிட்டுச் சொல்லலாம் என்று நினைப்பார்.

திரும்ப வாங்கும்போது எண்ணிக்கை, பேட்ச், கடை முத்திரை மூன்றும் உள்ள சீட்டு, உடனே கிரெடிட் நோட். பணம் தாமதமானால் அடுத்த முறை அவர் ஒத்துழைக்க மாட்டார். கேரளக் கடையிலிருந்து தமிழ்நாட்டுக் குடோனுக்குத் திரும்பும் சரக்கும் சரக்குதான்; காகிதம் இல்லாமல் ஏற்றாதீர்கள், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில். கம்பெனியிடம் ஒப்படைத்து எண்ணிக்கையோடு ஒப்புகை வாங்குங்கள். நாமே எரிப்பதோ, தள்ளுபடியில் வேறு லைனுக்கு விடுவதோ கூடவே கூடாது.

பத்தாம் படி: இரண்டு மாநில அதிகாரிகள்

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையில் வணிகவரிச் சாவடிகள் போய்விட்டன. மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறை வைத்திருக்கும் சோதனைச்சாவடி பால் வண்டிக்கு. பிஸ்கட் வண்டியை அது கேட்காது. எல்லையில் யாரும் நிறுத்தவில்லை என்பதால் சரக்கு தேறிவிட்டதாக அர்த்தமில்லை. கேள்வி கடையில் வரும், கடைக்காரர் நம் பில்லைக் காட்டுவார்.

எடையளவு, பாக்கெட் விதிகளைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. கேரளத்தில் அதற்கென்றே தனித் துறை. இரு மாநிலத்திலும் குடோன் வைத்திருந்தால் உணவு உரிமமும் இடத்துக்கு ஒன்று. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்தால் நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடுவார். அவற்றில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு நம் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். ஆய்வறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் தற்காத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதற்கு உள்வரவுப் பேரேடு, குடோன் வெப்பநிலைக் குறிப்பு, பேட்ச் ஏறிய பில் எல்லாம் மேஜைக்கு வர வேண்டும்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை வேலை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை மாலை கணக்கு முடித்தபின், ஏதாவது ஒரு பேட்ச் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். அது எப்போது வந்தது, எத்தனை, எந்தெந்தக் கடை, இன்னும் எத்தனை இருப்பு என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். முதல் முறை எங்களுக்கு ஒரு முழு மாலை போனது. போன முறை 40 நிமிடம். 48 குக்கரில் 47-க்குக் கணக்குக் கிடைத்தது. மீதி ஒன்றை வேலந்தாவளம் கடைக்காரர் எதிர்க்கடைக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரரோ அதைத் தன் மகள் வீட்டுக்குச் சீராக அனுப்பிவிட்டார். மகள் திருச்சூரில் இருக்கிறாள். அவள் போன் எண்ணையும் வாங்கி அந்தப் பில்லின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.